கல்முனை தந்த கல்லூரி அதிபர்

1942ஆம் ஆண்டு சித்திரையில் யப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு வீசின. பர்மா அரிசியும் வரவில்லை. அவ்வேளையில் உணவு உற்பத்தியைப் பெருக்குவதற்கென உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தவர், யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியின் பழைய மாணவரும் சிவில் சேவையிற் புகுந்த முதல் முஸ்லிமுமாகிய ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள். வயல் பார்க்க வந்தவர் ஊர்ப் பிள்ளைகளின் கல்வியையும் பார்த்தார். திறமையிருந்தும் வறுமையாற் படிப்பை இழந்தோர் பலர். அவர்கள்பொருட்டு அவ்வாண்டிலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை அமைத்தார்; 1945இல் நாடளாவிய நிலையில் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி தோன்றுதற்கு அது முன்னோடியாயிற்று.

1948இல் சிவில் சேவையைத் துறந்து கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார். ஆசிரியத் தொழிலை விட்டு உத்தியோகம் தேடிப் போவோரையே நாம் மிகுதியும் கண்டிருக்கிறோம்! அத்துணிவுக்குக் கல்முனையே வித்திட்டதென்பது என் கருத்து. உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கும் சட்டம் 1960இல் வந்தபோதும் கல்லூரித் தலைமை அவரிடமே இருந்தது, 1961இல் விலகினார்.