'கமெமொரேஷன்' என்னும் சொல்

மாணவர்களே, ஆங்கிலத்தில் 'கமெமொரேஷன்' என்றொரு சொல் உண்டு. அகராதியைப் புரட்டினால் 'நினைவுகூர்தல்' என்று பொருள் காணலாம். 'ரிமெம்பர்' என்னும் சொல்லுக்கும் நினைவில் கொள்ளுதல் என்றே பொருள் எழுதியிருக்கும். அங்ஙனமாயின் ஒரு கருத்துக்கு இரண்டு சொற்கள் எதற்கு?

ஒருவர் தம் குடையை மறவாமல் 'ரிமெம்பர்' செய்யலாம். அதனைக் 'கமெமொரேட்' செய்தல் இயலாது. முன்னது மனத்தினுள் தனியே நிகழ்வது. பின்னது பலர் அறிய, சொல்லாலோ சடங்காலோ கல்லாலோ புறத்தே நிகழ்வது. அதனாலேயே ஒரு கல்லும் ஒருவரைக் 'கமெமொரேட்' செய்கிறது என்று ஆங்கிலத்தில் எழுதுதல் வழக்காயிற்று. விடைத்தாள்களில் இதனைச் 'செலிபிரேட்' என்பதோடு மாற்றி எழுதுவோர் பலர். வெற்றியைக் கொண்டாடலாம், அவ்வெற்றிக்காக மாண்டவர்களைக் கொண்டாடுதல் பொருந்துமா?

இச்சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. 'மெமோர்' என்றால் நினைவில் உடைய என்பது பொருள். அதிலிருந்து பிறந்த வினை, நினைவூட்டுதலை மட்டுமன்றி வாயால் எடுத்துரைத்தலையும் குறித்தது. முன்னே நிற்கும் 'காம்' என்னும் ஒட்டு, பொருளை மிகுவிப்பது. நம் 'நினைவுகூர்தல்' என்பதில் உள்ள 'கூர்' என்பதும் அத்தகையதே. கூர்ப்பு என்னும் உரிச்சொல் மிகுதிப் பொருள் தருவதைத் தொல்காப்பியர் உரியியலிலே காட்டியுள்ளார். பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் 'கமெமொரேஷன்' ஆங்கிலத்தில் வழங்கத் தொடங்கியது. மாதா கோயில் வழிபாட்டில் அடியார்களின் பெயரைச் சொல்லி நினைத்தலுக்கு அது பெயராயிற்று. ஆகவே பெயர் சொல்லுதல் இச்சொல்லோடு நெடுங்காலம் ஒட்டி வந்த பொருள் என்க.

முதல் உலகப் போரில் இப்பொருளுக்கு ஒரு சோதனை வந்தது. 1917-இல் அரசப் பட்டயத்தின் வழியே, பேரரசின் போர்க்கல்லறைகளுக்கென ஒரு கமிஷன் நிறுவப்பட்டது. அதற்குக் காரணராய் நின்றவர் ஃபேபியன் வேர் என்பார். இறந்தவர் ஒவ்வொருவர் பெயரும் கல்லறைக் கல்லிலோ நினைவுச் சுவரிலோ பொறிக்கப்பட வேண்டும்; பதவியோ இனமோ சமயமோ கருதி வேற்றுமை காட்டலாகாது என்பது கொள்கை. தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல்: உயரம் 2 அடி 8 அங்குலம். உயர்குடியினர் பலர் இதனை எதிர்த்தனர். கமிஷன் வளைந்து கொடுக்கவில்லை. பிரான்சு நாட்டு நவ்ஷப்பேல் என்னுமிடத்தில் 1927-இல் திறக்கப்பட்ட நினைவகத்தில் 4,700-க்கு மேற்பட்ட இந்தியப் படையினரின் பெயர்கள் உள்ளன.

ஐரோப்பாவில் இவ்வாறு காத்த கொள்கை கடல் கடந்ததும் தளர்ந்தது. ஈராக்கிலே 1929-இல் திறக்கப்பட்ட பஸ்ரா நினைவகத்தில் ஆங்கிலேயப் படையினருக்கும் இந்திய அதிகாரிகளுக்கும் பெயர் உண்டு. இந்தியச் சிப்பாய்களோ, படைப்பிரிவுக்கு இத்தனை பேர் என்ற எண்ணிக்கை ஆயினர். கிழக்கு ஆப்பிரிக்காவில் நிலைமை இன்னும் கொடிது. அங்கே படைக்கு வேண்டிய உணவையும் வெடிமருந்தையும் தலையில் சுமந்து சென்ற ஆப்பிரிக்கச் சுமையாளர்கள் பல்லாயிரவர் நோயாலும் பட்டினியாலும் மாண்டனர். அவர்களுக்கும் ஆப்பிரிக்கப் படைவீரர்களுக்குமாக 1927-இல் தார்-எஸ்-சலாம் நகரில் ஒரு சிலை எழுந்தது. அதற்குரிய வாசகத்தை எழுதியவர் ரட்யார்ட் கிப்ளிங். அவர் தம் ஒரே மகனை 1915-இல் போரில் இழந்தவர்; மகனின் உடல் அவர் வாழ்நாளில் அடையாளம் காணப்படவில்லை. பெயரின் அருமையை அவரினும் அறிந்தவர் யார்? நாட்டுக்காக மாண்டவனின் பெயரை அவன் மக்கள் மறவார் என்று அவ்வாசகம் உறுதி கூறுகிறது. ஆனால் அந்தச் சிலையில் மாண்டவர் ஒருவர் பெயரேனும் இல்லை!

ஆப்பிரிக்கர் கல்லறைக் கல்லின் அருமையை அறியார் என்று அக்கால அதிகாரிகள் காரணம் கூறினர். தம் சிக்கனத்துக்கும் இறுமாப்புக்கும் பிறர் அறியாமையைக் காரணம் காட்டுதல் ஆள்வோர்க்கு எளிது.

1960-இல் காமன்வெல்த் என்னும் பெயரைப் பூண்ட அக்கமிஷன், 2021-இல் தன் பழைய ஏடுகளைத் தானே ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. குறைந்தது 1,16,000 பேர் பெயர் பொறிக்கப்படாமலோ, நினைவுகூரப்படாமலோ விடப்பட்டனர். அத்தொகை 3,50,000 வரை இருத்தலும் கூடும் என அதில் கண்டது. பெரும்பாலோர் கிழக்கு ஆப்பிரிக்கரும் எகிப்தியரும் ஆவர். கமிஷன் மன்னிப்புக் கேட்டது; பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சரும் காமன்ஸ் சபையில் மன்னிப்புக் கேட்டார்.

கல் நடுதல் எளிது. நூறாண்டுக்குப் பின் பெயர் தேடுதல் அரிது. சுமையாளர் பலர் பெயர் எந்த ஏட்டிலும் ஏறாமலே போயிற்று. ஆயினும் தேடுதல் தொடங்கியது. 2025 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரப் பூங்காவில் ஒரு நினைவிடம் திறக்கப்பட்டது. படைக்கலம் ஏந்தாமல் உழைத்து, ஆப்பிரிக்க மண்ணில் முதல் உலகப் போரின்போது இறந்த கறுப்பினத்தவர் 1,700-க்கு மேற்பட்டோருக்கு அங்கே ஆளுக்கொரு மரக்கம்பம் நட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயரும் இறந்த நாளும் பொறிக்கப்பட்டுள்ளன.