லயத்து முற்றமும் தொலைக்காட்சிப் பெட்டியும்

பேராக் மாநிலத்து இரப்பர்த் தோட்டங்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் கூலியையும் இரப்பர் விலையையும் குறித்தனர். தொழிலாளியின் மாலைப் பொழுதைக் குறித்தவர் அரியர். விடியுமுன் பிரட்டில் தொடங்கும் நாள், பாலை நிறுத்துக் கொடுத்ததும் முடிந்துவிடும். எஞ்சிய பொழுதுக்குத் துணை யாது? ஆண்டுக்கொரு கோயில் திருவிழா, எப்போதேனும் திடலில் காட்டப்படும் படம், கள்ளுக்கடை ஆகியனவே. 1946இல் அமைந்த மலாயா வானொலியின் தமிழ் நிகழ்ச்சிகள் பின்னர் அவற்றோடு சேர்ந்தன.

1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட்டுக்கு அருகில் தோட்டத் துரைமார் மூவர் கொல்லப்பட்டதை அடுத்து நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. பல தோட்டங்களில் லயங்கள் முள்வேலிக்குள் அடைபட்டன. ஊரடங்கு மாலைப் பொழுதையும் பூட்டியது. 1960இல் நெருக்கடி நிலை நீங்கியது. 1963 டிசம்பர் 28இல் கோலாலம்பூரில் தொலைக்காட்சி தொடங்கிற்று. 1969இல் இரண்டாம் அலைவரிசையும் வந்தது.

ஆயினும் லயங்கள் பலவற்றில் மின்சாரம் இல்லை. இருந்த இடத்திலும் தோட்டத்து இயந்திரம் இரவில் சில மணி நேரமே ஓடும். மோட்டார் வண்டி பேட்டரியைப் பட்டணத்துக்கு அனுப்பி மின்னேற்றி வந்து படம் பார்த்த வீடுகள் உண்டு. தமிழ்ப் படம் வரும் மாலையில் பெட்டியுள்ள வீட்டின் தரை பிள்ளைகளுக்கு. பெரியவர்களுக்குச் சன்னலும் வாசலும். பேட்டரி தளர்ந்து படம் சுருங்கும்போது எழும் கூக்குரல் அடுத்த லயத்துக்கும் கேட்கும்! அங்கே தொலைக்காட்சி மக்களைக் கூட்டியதேயன்றிப் பிரிக்கவில்லை.

தொலைக்காட்சியே லயத்துக் கூட்டு வாழ்வைக் குலைத்தது என்பார் உளர். அதனை என்னால் ஏற்க இயலவில்லை. ஆங்கிலேயர் தோட்டங்களைத் துண்டாடி விற்கத் தொடங்கியது ஐம்பதுகளிலேயே. அதனைத் தடுக்கவே சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். பின்னர் இரப்பர் நின்ற நிலத்தில் செம்பனை ஏறியது. செம்பனைக்கு ஆட்கள் குறைவாகவே வேண்டும். இளைஞர் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் சென்றனர். முற்றம் வெறுமையான பின்னரே பெட்டி வீட்டுக்குள் தனித்து ஒளிர்ந்தது. 1978இல் வண்ணம் வந்தது. 1996இல் ஆஸ்ட்ரோ வானவில் தமிழை நாள்தோறும் கொணர்ந்தது. அப்போது வாசலில் நின்று எட்டிப் பார்க்க எவரும் இல்லை.

ஈப்போ புந்தோங்கில், முன்னாள் பால்மரத் தொழிலாளியாகிய மூதாட்டி ஒருவரைக் கண்டேன். மக்கள் தொலைவில். பெட்டி ஓடிக்கொண்டிருந்தது, அவர் அதனைப் பார்க்கவில்லை. “பார்க்கிறதுக்கா போட்டிருக்கேன், ஐயா? வீட்டுல தமிழ் பேசுற சத்தம் கேட்கணும்ல,” என்றார். செய்தி வாசிப்பவர் வணக்கம் கூறியபோது, அடுக்களையிலிருந்து அவரும் பதில் வணக்கம் கூறினார்.