சிதறிய புற்றைத் தேடிச் செல்லும் கதிர்

நெய்வேலிச் சுரங்கத்தை நீங்கள் நேரிலோ படத்திலோ பார்த்திருப்பீர்கள். அடியில் கிடக்கும் பழுப்பு நிலக்கரியை எடுக்க, மேலே உள்ள மண் முழுவதையும் முதலில் அகற்றியாக வேண்டும். 1957 மே 20ஆம் நாள் நேரு அங்கே சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். ஏறத்தாழ அதே காலத்தில் சென்னை அடையாற்றில் இதற்கு நேர்மாறான ஒரு வேலை நடந்தது. தோலையும் தசையையும் அகற்றாமலே, உடலின் ஆழத்தில் உள்ள புற்றுக்கட்டியைத் தாக்கும் வேலை அது.

புற்றுநோய்க்குத் தம் தங்கையைப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954ல் அடையாறு மருத்துவமனை தோன்றியது. சில ஆண்டுகளில் கனடாவிலிருந்து கோபால்ட்-60 கருவி அங்கு வந்து சேர்ந்தது. அதன் காமாக் கதிர்கள் பழைய எக்ஸ் கதிர்களைவிட ஆழமாகப் பாய்ந்தன. தோலும் அவ்வளவாகப் புண்ணாகவில்லை.

ஆயினும் ஒரு குறை இருந்தது. குழல்விளக்கின் ஒளியில் உங்கள் கை நிழலைப் பாருங்கள். விளிம்பு மங்கலாகத் தெரியும் அல்லவா? கோபால்ட் மூலமும் நாணயம் போல அகன்றிருப்பதால், கதிரின் விளிம்பு அவ்வாறே மங்கியது. கட்டியைச் சுற்றியுள்ள நல்ல திசுவும் கதிரை ஏற்றது.

புற்று நுரையீரலுக்கோ எலும்புக்கோ பரவிவிட்டால், அக்காலத்தில் வலியைத் தணிக்கவே பெரும்பாலும் கதிரைப் பயன்படுத்தினர். கண்ணுக்குத் தெரிவது இரண்டு என்றால் தெரியாதவை எத்தனையோ என்பது மருத்துவர்களின் வாதம். அது வீண்வாதமன்று, பலரிடம் அதுவே உண்மை. ஆனால் எல்லோரிடமுமா?

1995ல் சிகாகோவைச் சேர்ந்த ஹெல்மன், வைக்சல்பாம் என்னும் இருவர் இக்கேள்வியை எழுப்பினர். ஓரிடத்தில் நிற்கும் புற்றுக்கும் எங்கும் பரவிய புற்றுக்கும் இடையே, சில இடங்களில் மட்டும் தலைகாட்டும் நிலை ஒன்று உண்டு என்றனர். அவ்விடங்களை அழித்தால் சிலரேனும் நெடுநாள் வாழலாம்.

இதற்கு ஏற்ற கருவியின் கரு சுவீடனில் முன்பே உருவாகியிருந்தது. மூளைக்கட்டியைப் பல திசைகளிலிருந்து மெல்லிய கதிர்களால் தாக்கும் முறையை லெக்செல் 1951ல் முன்வைத்தார். ஒவ்வொரு கதிரும் வழியில் சிறு தீங்கே செய்யும். எல்லாம் சந்திக்கும் புள்ளியில்தான் அழிவு. மண்டையோடு அசையாது, நுரையீரலோ மூச்சுக்கு மூச்சு அசையும். ஆகவே இம்முறை உடலின் பிற பகுதிகளுக்கு வர 1990கள் ஆயின. சென்னையில் 2009ல், மூச்சின் அசைவைப் பின்தொடர்ந்து கதிர் பாய்ச்சும் ரோபோ கருவி ஒன்று அப்போலோவில் நிறுவப்பட்டது. வாரக்கணக்கில் தந்த கதிரைச் சில தவணைகளிலேயே தர முடிந்தது.

கருத்து சரிதானா? கனடாவின் லண்டன் நகர மருத்துவர்கள் தலைமையில், ஐந்து இடங்கள் வரை பரவிய 99 நோயாளிகளிடம் சோதித்தனர். (1951ல் கோபால்ட் சிகிச்சை முதன்முதலில் நடந்ததும் அந்நகரிலேதான்!) வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரில் ஐந்தாண்டு வாழ்ந்தவர்கள் நூற்றுக்கு 18 பேர்; குறிபார்த்த கதிரும் பெற்றோரில் 42 பேர். ஆனால் அக்கதிர் பெற்ற 66 பேரில் மூவர் சிகிச்சையின் விளைவாலேயே இறந்திருக்கக்கூடும். பின்னர், 2022ல் வெளியான மார்பகப் புற்று ஆய்வொன்றில் இம்முறையால் நோயின் வளர்ச்சி தள்ளிப்போகவில்லை. படத்தில் இரண்டு புள்ளிகளே தெரியும் இருவரில், யாருக்கு உண்மையிலேயே இரண்டுதான் என்பதை அப்படம் சொல்வதில்லை.