பழம்பொருள் கடையில் கிடைத்த இசை

திருவிழாப் பந்தலில் ஒலிபெருக்கி முழங்கும்பொழுது, பாட்டின் சொற்கள் காதில் விழுவதற்கு முன்பே 'டும், டும்' என்ற ஆழ்ந்த அடி நெஞ்சில் வந்து விழுவதை நீங்கள் உணர்ந்திருப்பீர்கள். அந்த அடியைத் தந்தது எந்த முரசு என்று எண்ணிப் பார்த்ததுண்டா? பெரும்பாலும் அங்கே முரசும் இல்லை, தோலும் இல்லை, கோலும் இல்லை. சில மின்தடைகளும் மின்தேக்கிகளும் சேர்ந்த ஒரு சுற்றுதான் அதன் மூலம். இன்று அச்சுற்றைக் கணிப்பொறி கணக்காகப் போட்டுக் காட்டுகிறது.

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரியில் இளங்கலை இயற்பியல் படிக்கும் மாணவர் ஒருவர் என்னிடம் வந்து, மின்னணு நடன இசை அமைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும், எங்கே தொடங்குவது என்று கேட்டார். சரளி வரிசைகூடத் தெரியாத என்னிடம் ஏன் வந்தீர் என்றேன். "சார், அந்த மென்பொருளைத் திறந்தால் அலைவியற்றி, வடிப்பான், ஒத்ததிர்வு என்றுதான் இருக்கிறது. எல்லாம் நீங்கள் நடத்திய பாடம்" என்றார். அவர் சொன்னது சரிதான். அவருக்குச் சொல்லத் தொடங்கியதையே இங்கு உங்களுக்கும் சொல்கிறேன்.

ஜப்பானில் ஒசாகா நகரில் 1930ஆம் ஆண்டு பிறந்தவர் இகுதாரோ காக்கேஹாஷி. இரண்டு வயதிலேயே காசநோய்க்குப் பெற்றோரைப் பறிகொடுத்தார். பதினாறு வயதில் கடிகாரம் பழுதுபார்க்கும் கடை வைத்தார். பிறகு வானொலிப் பெட்டிகளையும் பழுது பார்த்தார். இருபது வயதையொட்டி அவரையும் காசநோய் பற்றிக்கொண்டது. சில ஆண்டுகள் மருத்துவமனையில் கிடந்து, அப்போது புதிதாக வந்திருந்த ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தினால் பிழைத்தார். இசைப் பயிற்சி அறவே இல்லாத இம்மனிதர் 1972ஆம் ஆண்டில் தொடங்கிய நிறுவனமே 'ரோலண்டு'. தனியாக உட்கார்ந்து வாசிக்கும் கலைஞருக்குத் தாளத் துணை தரும் பெட்டிகளைச் செய்வது அவருடைய நெடுநாள் ஆசை.

1980ஆம் ஆண்டில் அந்நிறுவனம் டி.ஆர்.808 என்னும் தாளப்பெட்டியை வெளியிட்டது. அதன் முகப்பில் 16 பொத்தான்கள் வரிசையாக இருக்கும். நான்கு அடிகள் கொண்ட ஒரு சுற்றை 16 சம பங்குகளாக்கி, எந்தப் பங்கில் எந்தக் கருவி ஒலிக்கவேண்டும் என்று பொத்தானை அழுத்திக் குறித்துவிட்டால் போதும். நிமிடத்திற்கு 120 அடி என்றால் ஓர் அடிக்கு அரை வினாடி. ஒவ்வொரு பொத்தானுக்கும் எட்டில் ஒரு பங்கு வினாடி. தாளத்தைக் கண்ணால் பார்த்து அமைக்கலாம் என்பது அன்று புதுமையாக இருந்தது.

ஒலி எங்கிருந்து வந்தது? ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவில் ராஜர் லின் உருவாக்கிய எல்.எம்.1 என்னும் பெட்டி, உண்மையான முரசுகளின் ஒலியை எண்களாகப் பதிவுசெய்து நினைவகத்தில் வைத்திருந்தது. விலை ஏறத்தாழ 5,000 டாலர். ரோலண்டு பெட்டியின் விலை அதில் கால் பங்குதான். அந்த விலைக்கு நினைவகம் கட்டுப்படியாகாது. ஆகவே அதன் பொறியாளர்கள் ஒலியைச் சுற்றிலேயே பிறப்பித்தனர். கோயில் மணியை ஒருமுறை அடித்தால் அது தன் இயல்பு அதிர்வெண்ணில் அதிர்ந்து, சிறிது சிறிதாக அடங்குகிறதல்லவா? பாடநூலில் 'தடையுறு அலைவுகள்' என்று படித்திருப்பீர்கள். அதுபோலவே ஒரு மின்சுற்றை ஒரு சிறு மின்துடிப்பால் 'தட்டினால்' அதுவும் அதிர்ந்து அடங்கும். 808இன் பெரிய முரசு வினாடிக்கு ஏறத்தாழ 50 அதிர்வுகள், அதாவது நம் வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண்ணையொட்டி அமைந்தது. எவ்வளவு நேரத்தில் அடங்கவேண்டும் என்பதையும் ஒரு குமிழைத் திருகி மாற்றலாம். நிஜ முரசு எதுவும் அவ்வளவு நீளமாக முனகாது.

சில ஒலிகளுக்கு இரைச்சல் தேவைப்பட்டது. அதற்காகச் சோதனையில் தேறாத டிரான்சிஸ்டர்களை வாங்கிப் பயன்படுத்தியதாகக் காக்கேஹாஷியே பிற்காலத்தில் கூறியுள்ளார். குறைக்கடத்தித் தொழில்நுட்பம் முன்னேறவே, பழுதான டிரான்சிஸ்டர்கள் கிடைப்பது நின்றுபோயிற்று. பெட்டியின் உற்பத்தியும் 1983இல் நின்றது. தரம் உயர்ந்ததால் ஒரு கருவி மறைந்துபோன வேடிக்கையை வேறெங்கும் நான் படித்ததில்லை. மொத்தம் விற்றவை ஏறத்தாழ 12,000. முரசு மாதிரியே இல்லையே என்று குறைகூறியவர்கள் அன்று பலர்.

இதன் தம்பி டி.பி.303. 1981ஆம் ஆண்டின் இறுதியில் வந்தது. வடிவமைத்தவர் ததாவோ கிக்குமோட்டோ. தனியாகக் கிடார் பயிலுபவருக்குப் பேஸ் கிடார் துணை தருவது அதன் வேலை. அந்த வேலையை அது மிக மோசமாகச் செய்தது! ஸ்வரங்களை ஒருமுறையும் அவற்றின் கால அளவை மறுமுறையும் தனித்தனியே பதிக்கவேண்டும். கிடார் வாசிப்போர் அதைத் தொடவே அஞ்சினர். 1984இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். கடைகளில் தேங்கியவை அடிமாட்டு விலைக்குப் பழம்பொருள் கடைகளுக்குப் போயின.

இப்பெட்டியின் உட்புறத்தைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது. அதில் ஒரே ஓர் அலைவியற்றி உண்டு. ரம்பப்பல் அலை அல்லது சதுர அலை, இரண்டில் ஒன்றைத் தரும். 100 ஹெர்ட்ஸ் ரம்பப்பல் அலை என்றால் அதில் 100 மட்டுமின்றி 200, 300, 400 என எல்லா மேற்சுரங்களும் இரண்டில் ஒரு பங்கு, மூன்றில் ஒரு பங்கு, நான்கில் ஒரு பங்கு என்று வீச்சு குறைந்துகொண்டே இருக்கும். சதுர அலையில் 300, 500 என ஒற்றைப்படை மேற்சுரங்கள் மட்டும். அடுத்து வடிப்பான். குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு மேற்பட்டவற்றை அது தடுத்துவிடும். அந்த எல்லையைக் குமிழால் ஏற்றி இறக்கலாம். 'ஊ' என்ற ஒலியிலிருந்து வாயை மெல்லத் திறந்து 'ஆ' என்று சொல்லிப் பாருங்கள். குரல்நாண் அதே சுரத்தில்தான் இருக்கிறது, வாய் என்னும் வடிப்பான் மட்டும் மாறுகிறது. மூன்றாவது, ஒத்ததிர்வு. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் வீச்சு பெருகுகிறதல்லவா? வடிப்பானிலிருந்து வெளிவரும் அலையின் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே ஊட்டினால் எல்லையருகே உள்ள மேற்சுரம் மட்டும் ஓங்கி எழும். இரண்டு குமிழ்களையும் சேர்த்துத் திருகினால் பேஸ் கிடார் மறைந்து, ஏதோ ஒரு பறவை கத்துவது போலவும் சேற்றில் காலை இழுப்பது போலவும் ஒலி எழுகிறது. இசை தொடங்கும் முன்பே குமிழ்களைச் சரிசெய்துவிட்டு, பிறகு தொடவேண்டாம் என்பதுதான் வடிவமைத்தவர்களின் எண்ணம்.

இனி சிகாகோ நகருக்கு வாருங்கள். 1979ஆம் ஆண்டு ஜூலை 12 அன்று அங்கே ஒரு பேஸ்பால் மைதானத்தில், இரு ஆட்டங்களுக்கு இடையே, டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்தால் 98 செண்ட் கொடுத்து உள்ளே போகலாம். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்து, இரண்டாவது ஆட்டமே நடக்கவில்லை. அன்று அங்கு வாயிற்பணியாளராக இருந்த கறுப்பின இளைஞர் வின்ஸ் லாரன்ஸ், ஒரு சிந்தசைசர் வாங்குவதற்காக அந்தச் சம்பளத்தைச் சேர்த்துக்கொண்டிருந்தார். மக்கள் கொண்டுவந்த தட்டுகளில் பல டிஸ்கோவே அல்ல, கறுப்பின மக்களின் மற்ற இசை என்பதைக் கண்டதாக அவர் பின்னாளில் சொன்னார். வெறுப்பு ஒலியின் மீதா, அதற்கு ஆடியவர்கள் மீதா என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பெரிய நிறுவனங்கள் டிஸ்கோவைக் கைவிட்டன. ஆடியவர்கள் கைவிடவில்லை. 'வேர்ஹவுஸ்' என்னும் நடனக்கூடத்தில் பிராங்கி நக்கிள்ஸ் என்பவர் பழைய தட்டுகளை நாடாவில் வெட்டி ஒட்டி நீட்டி ஒலிபரப்பி வந்தார். அந்தக் கூடத்தின் பெயரிலிருந்தே 'ஹவுஸ்' என்ற இசைப்பெயர் வந்தது. புதிய தட்டுகள் வரவில்லையென்றால் நாமே செய்வோம் என்று இளைஞர்கள் துணிந்தபோது அவர்கள் கைக்கு எட்டிய விலையில் இருந்தவை மேற்சொன்ன தோல்வியுற்ற பெட்டிகள்தாம். 1984இல் ஜெஸ்ஸி சாண்டர்ஸ் என்பவர் வின்ஸ் லாரன்ஸுடன் சேர்ந்து 'ஆன் அண்டு ஆன்' என்ற தட்டைச் சொந்தமாகவே அச்சிட்டு வெளியிட்டார். கேட்டவர்கள் வியப்பதற்குப் பதிலாக, 'இதை நானே இன்னும் நன்றாகச் செய்வேனே' என்று நினைத்தார்கள். ஒரு கலை பரவுவதற்கு இதைவிட நல்ல விளம்பரம் எது?

303 பெட்டியை இயக்கத் தெரியாமலேயே இயக்கியவர்கள் 'ஃப்யூச்சர்' என்னும் மூவர் குழுவினர்: ஸ்பாங்கி, டி.ஜே. பியர், ஹெர்ப் ஜே. கையேடு இல்லை. பெட்டியில் ஏதோ ஒரு சுரவரிசை ஓடிக்கொண்டிருக்க, பியர் குமிழ்களைத் திருகினார். திருகுவதை நிறுத்தாதே என்றார் நண்பர். ஏறத்தாழ பன்னிரண்டு நிமிட இசையை நாடாவில் பதிந்து 'மியூசிக் பாக்ஸ்' நடனக்கூடத்தின் ரான் ஹார்டியிடம் கொடுத்தனர். அவர் ஒலிபரப்பியதும் ஆடுதளம் காலியாயிற்று. அதே இரவில் மீண்டும் போட்டார், மீண்டும் போட்டார். நான்காம் முறை கூட்டம் வெறிகொண்டு ஆடியதாம். 1987இல் 'ஆசிட் டிராக்ஸ்' என்ற பெயரில் அது தட்டாக வெளிவந்தது.

டெட்ராய்ட் நகரின் கதையும் இதையொத்ததே. அதன் புறநகரான பெல்வில் பள்ளியில் படித்த யுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் மூவரும் ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுவை வானொலியில் கேட்டு வளர்ந்தவர்கள். அட்கின்ஸ் 1985இல் சொந்த வெளியீட்டகமே தொடங்கிவிட்டார். அவர்களுடைய இசைக்கு 'டெக்னோ' என்று பெயர்.

பல ஊர்ப் பெட்டிகள் ஒன்றோடொன்று பேச ஒரு பொதுமொழியும் இதற்குள் வந்திருந்தது. டேவ் ஸ்மித் என்னும் அமெரிக்கரும் காக்கேஹாஷியும் முன்னின்று உருவாக்கிய 'மிடி' என்னும் நெறிமுறை 1983 ஜனவரியில் முதன்முதலாகப் பொதுமக்கள்முன் காட்டப்பட்டது. இரண்டு போட்டி நிறுவனங்களின் கருவிகளைக் கம்பியால் இணைத்து, ஒன்றை வாசித்தால் மற்றது ஒலித்தது. ஒரு சுரத்தை மூன்று பைட்டுகளில் சொல்லிவிடலாம்: எந்தத் தடம், எந்தச் சுரம், எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது. வினாடிக்கு 31,250 துணுக்குகள் செல்லும் வேகத்தில் இதற்கு ஒரு மில்லிவினாடி போதும். இதற்கு உரிமத்தொகை எதுவும் வாங்குவதில்லை என்று முடிவுசெய்தார்கள். 2013இல் இருவருக்கும் கிராமி அமைப்பு தொழில்நுட்ப விருது வழங்கியது.

சிகாகோவின் இளைஞர்களுக்கு இத்தகைய தாராளம் வாய்க்கவில்லை. 1987 ஜனவரியில் ஸ்டீவ் ஹர்லியின் ஹவுஸ் தட்டு ஒன்று பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. ஐரோப்பா முழுவதும் அவ்விசை பரவிற்று. ஆனால் தமக்குச் சேரவேண்டிய பணம் வந்து சேரவில்லை என்று முறையிட்டவர்கள் பலர். லாரி ஹர்ட், ராபர்ட் ஓவன்ஸ் இருவரும் 2020இல் வழக்குத் தொடுத்து, 2022இல் ஏற்பட்ட உடன்பாட்டின் மூலமே தம் ஒலிப்பதிவுகளின் உரிமையைத் திரும்பப் பெற்றனர். இசையைச் செய்யக் கற்றவர்கள் ஒப்பந்தம் படிக்கக் கற்கவில்லை. என் மாணவரிடம் இதை இருமுறை சொன்னேன்.

இக்கதையில் நம் நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. பம்பாய்த் திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங், 1982இல் பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். பைரவ், தோடி, யமன், மால்கௌன்ஸ் முதலியவை. அவர் பயன்படுத்தியவை 808, 303, ஜூபிடர்-8 என்னும் சிந்தசைசர். ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் வசதி 303இல் உண்டு. மின்தேக்கி ஒரு மின்தடை வழியாக மெல்ல மின்னேறுவதே அதன் இரகசியம். இந்துஸ்தானி இசையின் 'மீண்ட்' என்னும் இழைவுக்கு இது எவ்வளவு பொருத்தம்! தட்டு அன்று விற்கவில்லை. 2010இல் மறுவெளியீடு வந்தபோது கேட்டவர்கள் திகைத்தனர்: சிகாகோவின் ஒலி ஐந்தாண்டுகளுக்கு முன்பே பம்பாயில்!

அப்படியானால் அவரே அவ்விசையின் தந்தை எனலாமா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். சிகாகோ இளைஞர்கள் அத்தட்டைக் கேட்டதற்குச் சான்றில்லை. நியூட்டனும் லைப்னிட்ஸும் தனித்தனியே நுண்கணிதம் கண்டதுபோல, ஒரே பெட்டிக்குள் ஒளிந்திருந்த ஒலியை இரண்டு ஊர்களில் இரண்டு விதமாகக் கண்டெடுத்தார்கள் என்பதே என் கருத்து. சிங், சுதி சுத்தமான இராகத்தைத் தேடிப் போனவர். பியர், குமிழைத் திருகிப் போனவர். 2015இல் காலமாவதற்கு முன், தம் முதிய வயதில், சிங் வெளிநாட்டு மேடைகளில் அந்த இராகங்களை மீண்டும் வாசித்தார்.

மாணவர் ஒருநாள் தம் கைபேசியை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். அதன் ஒலி முனையை அலைநோக்கியுடன் இணைத்தோம். திரையில் சதுர அலை நின்றது. ஒத்ததிர்வுக் குமிழை அவர் விரலால் ஏற்ற ஏற்ற, சதுரத்தின் ஒவ்வொரு விளிம்பிலும் சிறு சிறு அலைகள் தோன்றி அடங்கின. தடையுறு அலைவுகள்! பத்தாண்டுகளாகக் கரும்பலகையில் நான் வரைந்துவந்த படம் அது. காதால் அன்றுதான் முதன்முதல் கேட்டேன். இரண்டு மாதங்களில் மூன்று நிமிட இசை ஒன்றை முடித்தார். வீட்டில் அவர் தங்கை மட்டும் ஆடினாளாம். ஊர்த் திருவிழாவில் ஒலிபெருக்கி வைப்பவர், இரண்டு திரைப்பாடல்களுக்கு நடுவே ஒருமுறை போட ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒருமுறை போதாது, நான்கு முறை கேளும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.