திறன்பேசியைப் புறத்திரையுடன் இணைத்தல்

திறன்பேசியில் ஓடுவதை இன்னொரு திரையில் காட்டுவதும், அத்திரையையே வேலைமேசையாக ஆக்கிக்கொள்வதும் இத்தலைப்பில் அடங்கும். வீட்டுத் தொலைக்காட்சியும் புறத்திரைதான். ஆனால் இன்று பெரும்பாலும் பேசப்படுவது 13.3 முதல் 15.6 அங்குலம் வரையுள்ள, ஒரு கிலோவுக்கும் குறைந்த எடையுள்ள கையடக்க மானிட்டர். இணைப்பு இருவகைப்படும். போனில் தெரிவது அப்படியே பெரிதாகத் தெரிவது பிரதிபலிப்பு. போனில் ஒன்றும் மானிட்டரில் வேறொன்றுமாக, சாளரங்களும் சுட்டியும் கொண்டு இயங்குவது மேசைத்தோற்றம். இரண்டாவதே இத்தொழில்நுட்பத்தின் உண்மையான பயன்.

முன்வரலாறு

2007-இல் வந்த நோக்கியா என்95, ஹெட்போன் துளையிலேயே ஒரு கேபிளைச் செருகிப் படத்தைத் தொலைக்காட்சிக்கு அனுப்பியது. மறுமுனை பழைய படக்குழாய்ப் பெட்டிகளின் மஞ்சள் துளையில் பொருந்தியது. படம் தெரிந்தது, எழுத்து வாசிக்கும் அளவுக்குத் தெளிவில்லை. 2010-இல் நோக்கியா என்8, சிறிய எச்டிஎம்ஐ துளையுடன் வந்து அக்குறையைத் தீர்த்தது.

அதே ஆண்டு நோக்கியா, சாம்சங், சோனி, தோஷிபா, சிலிக்கான் இமேஜ் ஆகியவை கூடி எம்எச்எல் என்ற முறையை வகுத்தன. சார்ஜ் ஏறும் மைக்ரோ யுஎஸ்பி துளையிலேயே படமும் வெளியேறும் என்பது அதன் சிறப்பு. 2011-இல் சாம்சங் கேலக்ஸி எஸ்2 இதைக் கொண்டுவந்தது. மறு ஆண்டே எஸ்3-இல் துளையின் ஊசிகளை ஐந்திலிருந்து பதினொன்றாக்கியதால், முதல் போனுக்கு வாங்கிய அடாப்டர் இரண்டாவதற்கு நேரடியாக உதவவில்லை. 2012-இன் நெக்சஸ் 4 ஸ்லிம்போர்ட் என்ற போட்டி முறையை எடுத்துக்கொண்டது. துளை ஒன்று, முறை இரண்டு என்ற நிலை வாங்குவோரை அலைக்கழித்தது.

போனையே கணினியாக்கும் எண்ணத்தை 2011-இல் மோட்டரோலா ஏட்ரிக்ஸ் துணிந்து செயல்படுத்தியது. அதன் லேப்டாக் 11.6 அங்குலத் திரையும் விசைப்பலகையும் கொண்ட கூடு. ப்ராசஸர் அதில் கிடையாது, பின்னால் போனைச் செருகினால்தான் உயிர் வரும். தனியாக வாங்கினால் விலை 500 டாலர்! அந்தப் பணத்துக்கு ஒரு மடிக்கணினியே கிடைத்தது. 2012-இல் மோட்டரோலா திட்டத்தைக் கைவிட்டது. 2013-இல் இதே எண்ணத்தில் திட்டமிட்ட உபுண்டு எட்ஜ் போனுக்காக மக்களிடம் 3.2 கோடி டாலர் திரட்ட முயன்றனர், சுமார் 1.28 கோடியோடு அது நின்றது. 2015-இல் லூமியா 950 போனுடன் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த கான்டினுவம் என்ற மேசைத்தோற்றம், செயலிகள் போதாமல் தேய்ந்தது. எண்ணம் சரியாகவே இருந்தது. விலையும் செயலிகளும் கேபிளும்தான் அதற்கு ஈடுகொடுக்கவில்லை.

டைப்-சி

2014 ஆகஸ்டில் யுஎஸ்பி டைப்-சி வரையறை வெளிவந்தது. அடுத்த மாதமே, அதன் 24 ஊசிகளில் சிலவற்றைப் படத்துக்கு ஒதுக்கும் டிஸ்பிளேபோர்ட் ஆல்ட் மோடு அறிவிக்கப்பட்டது. 2017-இல் கேலக்ஸி எஸ்8 உடன் சாம்சங்கின் மேசைத்தோற்றமான டெக்ஸ் வந்தபோது அதற்கென ஒரு பீடம் தேவைப்பட்டது. மறு ஆண்டு நோட் 9 வெறும் கேபிளோடு அதைச் செய்தது. 2023-இல் ஐபோன் 15 டைப்-சிக்கு மாறிப் படத்தையும் வெளியே அனுப்பியது. ஆயினும் ஐபோனில் மேசைத்தோற்றம் கிடையாது.

துளை டைப்-சி என்பதாலேயே படம் வந்துவிடாது. வாங்குமுன் முதலில் அறிய வேண்டியது இதுதான். யுஎஸ்பி 2.0 வேகம் மட்டுமே உள்ள மலிவு போன்களில் அந்தப் படப் பாதை அமைக்கப்படுவதில்லை. போனோடு வரும் சார்ஜிங் கேபிளிலும் அதற்கான கம்பிகள் பெரும்பாலும் இருப்பதில்லை. மானிட்டர் கருப்பாகவே நிற்கும்போது பலர் மானிட்டரைக் குறை சொல்கிறார்கள். குறை போனிலோ கேபிளிலோ இருக்கலாம்.

மின்சாரமும் கவனிக்க வேண்டியது. கையடக்க மானிட்டர்கள் பலவற்றில் மின்கலம் இல்லை. போனிலிருந்தே மின்சாரம் எடுத்தால் திரை மங்கலாம், அணைந்து அணைந்து எரியலாம். மானிட்டரின் இரண்டாவது துளையில் சார்ஜரைச் செருகுவதே முறை; பல மானிட்டர்கள் அதிலிருந்து போனுக்கும் சார்ஜ் கொடுக்கும். 2012-இல் வந்த மிராகாஸ்ட் போன்ற வயர்லெஸ் முறைகளில் சுட்டி கையை விடச் சற்றுப் பிந்தியே நகரும். படம் பார்க்க அவை போதும், தட்டச்சுக்குக் கேபிளே ஏற்றது. ஓடிடி படங்கள் சில, நகல் தடுப்பு காரணமாகப் புறத்திரையில் தெரியாமல் போவதும் உண்டு.

தென்காசி வட்டாரத்தில்

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையிலுள்ள மேலகரம் போன்ற ஊர்களில் இந்த இணைப்பு பயன்படும் வழிகள் தனியாகச் சொல்லத்தக்கவை. அருகே மத்தளம்பாறையில் 2011 முதல் சோஹோ அலுவலகம் இயங்குகிறது. எழுத்து, கணக்கு வேலைகளுக்கு அந்நிறுவனம் தரும் மென்பொருள்கள் உலாவியிலேயே இயங்குவதால், மேசைத்தோற்றம் தரும் போனும் ஒரு மானிட்டரும் ஒரு புளூடூத் விசைப்பலகையும் அவ்வேலைகளுக்குப் போதும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழம்பதிப்புகள் பக்கப் படங்களாகக் கிடைக்கின்றன. ஆறு அங்குலத் திரையில் அவற்றை வரிவரியாக நகர்த்தித்தான் படிக்க வேண்டும், 15.6 அங்குலத் திரையை நிமிர்த்தி வைத்தால் முழுப் பக்கமும் கண்ணில் நிற்கும். திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த மேலகரத்தில் அவருடைய குற்றாலக் குறவஞ்சியைப் பழைய அச்சில் படிக்க விரும்பும் மாணவருக்கு இது சிறிய உதவியன்று.

குற்றாலச் சீசன் மாதங்களில் இடையூறும் உண்டு. ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் காற்றும் சாரலும் சட்டைப்பையில் உள்ள போனையும் நனைக்கும். டைப்-சி துளையில் ஈரம் பட்டால் சாம்சங், ஐபோன் இரண்டுமே எச்சரிக்கை காட்டி இணைப்பை மறுக்கும். துளையைக் கீழ்நோக்கிப் பிடித்து மெல்லத் தட்டி, காற்றோட்டத்தில் உலரவிட வேண்டும். போனை அரிசியில் புதைக்கவோ துளைக்குள் பஞ்சை நுழைக்கவோ கூடாது. மின்தடை ஏற்பட்டால் 10,000 மில்லியாம்பியர்-மணி பவர் பேங்க், அதாவது 37 வாட்-மணி, 8 வாட் எடுக்கும் மானிட்டரை மூன்று மணி நேரத்துக்கு மேல் எரியவைக்கும்.

இன்றைய நிலை

2024 ஜூனில் பிக்சல் 8 போன்களுக்கு மென்பொருள் புதுப்பிப்பு வழியாகப் பட வெளியீடு திறக்கப்பட்டது. 2025-இல் கூகுள், சாம்சங்கின் டெக்ஸை அடிப்படையாகக் கொண்டு ஆண்ட்ராய்டு 16-இல் மேசைத்தோற்றத்தைச் சோதனைக்கு விட்டது.