பியர்சனின் பாதாள ரயில்

உலகின் முதல் நிலத்தடிப் பயணிகள் ரயில் 1863 ஜனவரி 10 அன்று லண்டனில் பொதுமக்களுக்காக ஓடத் தொடங்கியது. பாடிங்டனிலிருந்து ஃபாரிங்டன் வரை சுமார் 6 கிலோமீட்டர் தூரம். முதல் நாளிலேயே ஏறத்தாழ 38,000 பேர் பயணம் செய்தனர். பொறியியல் சாதனையாகவே பெரிதும் பேசப்படும் இப்பாதைக்குப் பணம் எந்த வாதத்தால் திரண்டது என்பது தனியே சிந்திக்கத்தக்கது.

இதற்காக வாதாடியவர் சார்லஸ் பியர்சன். பொறியாளர் அல்லர், லண்டன் சிட்டி மாநகராட்சியின் சட்ட அலுவலர். பயணச் செலவுக்கு வழியில்லாததால்தான் தொழிலாளர்கள் வேலையிடத்தை ஒட்டிய நெரிசலான சந்துகளில் அடைந்து கிடக்கிறார்கள். மலிவுக் கட்டண ரயில் இருந்தால் புறநகரில் காற்றோட்டமான வீடுகளில் வாழ்வார்கள் என்பது அவர் கருத்து.

1854இல் நாடாளுமன்றம் அனுமதி அளித்தது, பணம் வரவில்லை. கிரிமியப் போரின் காலம். முதலீட்டாளர்கள் தயங்கினர். பல ஆண்டுகள் ஒரு பிடி மண்கூட அள்ளப்படவில்லை. 1859இல் பியர்சனின் விடாமுயற்சியால் மாநகராட்சியே 2,00,000 பவுனுக்குப் பங்குகள் வாங்க இசைந்தது. கிரேட் வெஸ்டர்ன் ரயில் நிறுவனமும் 1,75,000 பவுன் அளித்தது. ஏழைகளின் குடியிருப்பைக் காட்டிலும், குதிரை வண்டிகளால் திணறிய வணிகத் தெருக்களின் நெரிசலே பணம் படைத்தோரை அசைத்தது எனலாம்.

1860இல் வேலை தொடங்கியது. சாலையைத் திறந்து, பள்ளம் தோண்டி, செங்கல் வளைவு எழுப்பி, மீண்டும் மூடும் முறை. 1862 ஜூனில் ஃப்ளீட் கழிவுநீர்க் கால்வாய் உடைந்து பள்ளத்தில் வெள்ளம் புகுந்தது.

அதைவிடப் பெரிய சேதம் கணக்கில் ஏறாதது. கட்டடங்களுக்கான இழப்பீட்டைத் தவிர்க்கவே பாதை பெரும்பாலும் சாலைகளின் அடியில் அமைந்தது. வீடுகளை இடிக்க நேர்ந்த ஃப்ளீட் பள்ளத்தாக்கிலோ வாழ்ந்தவர்கள் ஏழைகள். இழப்பீடு உரிமையாளருக்கே, வார வாடகைக்கு இருந்தவர்களுக்கு மாற்று வீடு தரவேண்டும் என அன்று சட்டம் இல்லை. அவர்கள் பக்கத்துச் சந்துகளில் மேலும் நெருங்கினர். யாரை விடுவிக்கப் பியர்சன் வாதாடினாரோ, அவர்களே முதலில் பெயர்க்கப்பட்டனர்.

1862 செப்டம்பரில் அவர் மறைந்தார், ரயிலைக் காணவில்லை. 1864இல் தொழிலாளருக்கான அதிகாலை ரயில்கள், போய்வர 3 பென்ஸ் கட்டணத்தில் ஓடின. அவர் கேட்டதில் ஒரு பகுதி அப்படி நிறைவேறியது. இன்றும் ஒரு நகரம் புதிய ரயில் பாதைக்குத் திட்ட மதிப்பீடு தயாரிக்கும்போது, இடிபடும் வீட்டில் வாடகைக்கு இருப்பவர் அதில் எந்தப் பத்தியில் வருகிறார் என்று பார்ப்பது நல்லது.