ஸ்பின்னக்கர் கதை: கயிற்று முனையில் முடிச்சு போடாதீர்கள்

மும்பைக்கு வந்து இத்தனை வருஷத்தில் நான் கடலில் போனதெல்லாம் எலிபண்டா லாஞ்சில்தான். ஒரு டிசம்பர் ஞாயிறு, ஆபீஸ் நண்பர் தன் சின்னப் பாய்மரப் படகில் கூட்டிப் போனார். திரும்பும்போது காற்று பின்னாலிருந்து வந்தது. முன்பக்கம் பலூன் மாதிரி ஒரு கலர் பாயை ஏற்றினார்கள். ஐந்து நிமிஷம் சொர்க்கம். அப்புறம் ஒரு குத்துக்காற்று. படகு தானாகத் திரும்பிப் பக்கவாட்டில் படுத்துக்கொண்டது!

"கயிறை விடு" என்று அவர் கத்த, விட்டேன். சர்ரென்று ஓடின கயிறு கப்பியில் மாட்டி நின்றது. நழுவிவிடக்கூடாதே என்று முனையில் நான்தான் அக்கறையாக முடிச்சு போட்டு வைத்திருந்தேன் (திட்டாதீங்க). அவர் கத்தியால் அறுத்த பிறகுதான் படகு நிமிர்ந்தது.

அந்தப் பாய்தான் ஸ்பின்னக்கர். கரைக்கு வந்ததும் அதன் பூர்வீகத்தைத் தோண்டினேன்.

பிறந்தது 1860களின் இங்கிலாந்தில். அப்பா யார் என்பதில் தகராறு. 1865ல் நியோபி என்ற படகில் வில்லியம் கார்டன் ஏற்றினார் என்று ஒரு கட்சி. அவருக்கு 'ஸ்பின்னக்கர் கார்டன்' என்றே பட்டப்பெயர். ஸ்பிங்ஸ் என்ற படகின் பெயரை மாலுமிகள் வாய்க்கு வந்தபடி உச்சரித்ததில் வந்த சொல் என்பது இன்னொரு கட்சி. அச்சில் இந்தச் சொல் வந்தது 1866ல். எனக்கென்னவோ மாலுமிகளின் கொச்சைதான் நம்பும்படி இருக்கிறது. நம்மூரில் பெயர்கள் படும் பாடு தெரியாதா!

அன்றைய ஸ்பின்னக்கர் சாதாரண முக்கோணம். பெரிய பாய்க்கு எதிர்ப்பக்கம் ஒரு கழியால் தள்ளி விரித்தார்கள். படகு காற்றை மறுபக்கம் வாங்கத் திரும்பினால் இறக்கி ஏற்ற வேண்டும். 1920களில் ஸ்வீடன் கப்பல் முதலாளி ஸ்வென் சலேன் பாராசூட் மாதிரி இரண்டு பக்கமும் ஒரே அளவாக வெட்டியதும் அந்தத் தொல்லை தீர்ந்தது. பாய் மேலேயே இருக்க, கழியை மட்டும் மாற்றினால் போதும். 1934 அமெரிக்கா கோப்பையில் எண்டெவர் படகு ஓட்டை போட்ட ஸ்பின்னக்கரோடு வந்தது. காற்று கொஞ்சம் வழிந்தால் பாய் அலையாது என்று கணக்கு. குறிபார்த்துச் சுடுவதில் பேர்போன ஆனி ஓக்லியின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு நைலான் வந்து எடை குறைந்தது.

ஆனால் பாய் பெருத்த அளவுக்கு ஆபத்தும் பெருத்தது. மற்ற பாய்கள் மரத்திலோ கம்பியிலோ ஒரு விளிம்பு முழுக்கக் கட்டுப்பட்டிருக்கும். இதற்கு மூன்று மூலைதான் பிடி. குத்துக்காற்றில் சுக்கான் தோற்றுப்போகும். ஒரு மூலையை முழுசாக விட்டால்தான் காற்று வெளியேறும். அதனால்தான் இதன் கீழ்க்கயிறுகளின் முனையில் முடிச்சு போடாதே என்கிறார்கள். இறக்கும்போதும் பெரிய பாயின் நிழலில், காற்று படாத இடத்தில்தான் வாரிச் சுருட்ட வேண்டும்.

1980களில் சிட்னியின் பதினெட்டு அடிப் படகுகள் கழி மாற்றும் வேலைக்கே முழுக்குப் போட்டன. மூக்கிலிருந்து நீளும் ஒரு கம்பு, ஒருபக்கம் நீண்ட பாய், அவ்வளவுதான். அந்த வழியில் வந்த 49இஆர் படகில்தான் நம்ம சென்னைப் பசங்க கணபதியும் வருண் தக்கரும் 2018 ஆசியப் போட்டியில் வெண்கலம் வாங்கினார்கள். 2021ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸிலும் ஓட்டினார்கள். 49இஆர்எஃப்எக்ஸில் வர்ஷா கௌதம், ஷ்வேதா ஷெர்வேகருடன் 2018ல் வெள்ளியே வாங்கினார்.

அறுந்த கயிற்றுத் துண்டு முடிச்சோடு என் மேஜை மேல் கிடக்கிறது. நண்பர் மறுபடி கூப்பிட்டிருக்கிறார். தங்கமணியிடம் இன்னும் சொல்லவில்லை.